பிணத்துக்குக் கட்டிய சேலை

நாடகத் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "லூர்து அக்கா, சங்க ஆண்டு மலருக்கு ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். எழுத வராது என்பதற்காக அல்ல. வேலையை விட்ட பிறகு மாதா கோயில் சிஸ்டரிடம் போய் எழுதப் படித்தேன். அச்செழுத்து மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்தி எழுதுவேன். பிழையைப் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அதனால்தான் முடியாது என்றேன்.

பிறகு ஒரு நாள் மாத்தளை டவுனில் ஒரு ஷூட்டிங் நடந்தது. வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போயிருந்தேன். இப்போது எல்லாம் போனில்தான். உடுப்பை நாலு பக்கமும் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. அங்கே நடிகர்களுக்கு உடுப்புப் பார்க்கும் துணிப் பகுதியில் ஒரு பிள்ளை, நகை மாற்ற வேண்டும் என்ற செய்தியை நடிகையிடம் சொல்ல மறந்துவிட்டாள். உடனே மற்றவள் கைதட்டிச் சிரித்தாள். "போச்சு! இது நேசன் துண்டாப் போச்சு!"

எனக்கு நெஞ்சில் ஊசி ஏறிய மாதிரி இருந்தது.

"யாரு பிள்ள அந்த நேசன்?"

"தெரியாது அக்கா. யாரோ பழைய ரைட்டராம். ஏதோ சேதிய துண்டுக் கடதாசியில எழுதிட்டு, குடுக்க மறந்து, நாடகத்தையே கவுத்தவராம். நம்ம லைன்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க."

அந்த மனிதரைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் மறக்கவில்லை. அந்தத் துண்டு என்னிடம்தான் இருந்தது. அவர்கள் சிரித்த அன்றும் என்னிடம்தான் இருந்தது. சரி, எழுதித் தருகிறேன் என்று அன்று மாலையே பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நான் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கொழுந்து பறித்தேன், கலியாணம் கட்டினேன், அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு மாத்தளைக்கு இறங்கி, வின்சன்ட் மாஸ்டரின் தையல் கடையில் பொத்தான் தைக்கச் சேர்ந்தேன். மாஸ்டர் கோயில் நாடகங்களுக்கு உடுப்புத் தைப்பார். அதைப் பார்த்துவிட்டு டெலி நாடகக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பின்னால் நானும் போனேன். அப்படிப் போனவள் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையிலேயே இருந்தேன்.

மாஸ்டர் பேச்சுக் குறைந்த மனிதர். யாரையும் ஏச மாட்டார். பிழை கண்டால் ஒரு தரம் இருமுவார். இருமிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கோப்பை முடிவதற்குள் நம் பிழையை நாமே கண்டுபிடித்துத் திருத்திவிட வேண்டும். முடியாவிட்டால் வந்து ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த ஒரு விரலுக்கு நாங்கள் பயந்தது போல வேறு எதற்கும் பயந்ததில்லை.

முதல் நாளே எனக்கு அந்த விரல் கிடைத்தது. ஒரு நடிகைக்குச் சேலை கட்டிவிடச் சொன்னார். பதினாறு வயதிலிருந்து சேலை கட்டுகிறவள் நான், இது என்ன பெரிய வேலை என்று எதிரில் நின்று கட்டிவிட்டேன். மாஸ்டர் இருமினார். நான் தோளைப் பார்த்தேன், ஊக்கைப் பார்த்தேன், கரை தரையைத் தொடுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. கோப்பை முடிந்தது. வந்து கொசுவத்தைத் தொட்டார். மடிப்பெல்லாம் வலது பக்கம் திரும்பியிருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அது இடது பக்கம்தான் திரும்பும். நான் எனக்குக் கட்டுவது போலவே என் இடதுகைப் பக்கம் மடித்திருக்கிறேன். எதிரில் நிற்பவளுக்கு அது வலதாகிவிட்டது.

"மகளே, இந்தம்மா ஒன் கண்ணாடி இல்ல. எதுக்க நிக்கிற மனுசி" என்றார் மாஸ்டர்.

தனக்கு மட்டும் கட்டிப் பழகிய எந்தப் பெண்ணும் முதல் தடவை அடுத்தவளுக்குக் கட்டும்போது இந்தப் பிழையைச் செய்வாள். பத்துப் பேருக்குக் கட்டிவிட்டால் பிறகு செய்ய மாட்டாள். செய் என்று சொன்னாலும் கை கேட்காது.

மாஸ்டர் காலமான பிறகு துணிப் பகுதி என் பொறுப்பில் வந்தது. கெமரா ஓடுவதற்கு முன்னால் நடிகரை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். தோள் ஊக்கு, முதுகு, இடுப்பு, கொசுவம், கரை. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கை திருத்திவிடும். எந்தக் காட்சிக்கு எந்த உடுப்பு என்பதற்கு ஹேங்கரில் நூல் கட்டி வைப்பேன். பாகத்துக்கு ஒரு நிறம், காட்சிக்கு முடிச்சு. ஏழாம் காட்சி என்றால் ஏழு முடிச்சு. "லூர்து அக்காவுக்கு ஸ்கிரிப்ட்டே தேவையில்ல, எல்லாம் தலையில வச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். மேக்கப் போடும் ஃபரீதா. மாத்தளைக்காரி, என் வயதுதான். அச்சில் இருந்தால் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்து எனக்கு ஆகாது. ஸ்கிரிப்ட் எல்லாம் அப்போது கையெழுத்துத்தான். சாயங்காலமானால் ஃபரீதா பவுடர் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே அடுத்த நாள் காட்சிகளைத் தனக்குத் தானே வாசிப்பது போல உரக்க வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றுதான் தெரியும். அவளும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அந்த நாளில்தான் துப்பறியும் நாடகம் வந்தது. எங்கள் பாட்டன் காலத்து நாவல் ஒன்றை எடுத்து, பதின்மூன்று பாகமாக நாடகம் ஆக்கினார்கள். அதை நாடகத்துக்கு மாற்றி எழுதியவர் நேசன். கலேவெலையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒல்லியான ஆள். சாப்பிடும்போதுகூட மடியில் அந்த நாவல் இருக்கும். அட்டை போய், ஓரமெல்லாம் கரைந்த புத்தகம். பத்து வயதில் படித்ததாம். இது நன்றாகப் போனால் இன்னும் மூன்று நாவலை நாடகமாக எடுப்பதாக டெலிவிஷன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றின் பெயரையும் ஜெபம் சொல்வது போல எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூலக் கதை பட்டணத்தில் நடக்கிறது. செத்தவர் ஒரு வியாபாரி. அவர் கழுத்து டையின் முடிச்சைப் பார்த்துத்தான் துப்பறிபவர் கொலைகாரனைப் பிடிப்பார். நேசன் கதையைத் தேயிலைத் தோட்டத்து பங்களாவுக்கு மாற்றினார். செத்தவரைத் தோட்டத்து அதிகாரியான துரையின் மனைவி ஆக்கினார். ஆனால் டை முடிச்சுக்கு என்ன செய்வது?

"டை முடிச்சு கோணலா இருந்தா நம்ம வீடுகள்ல யாருக்குக்கா வெளங்கும்?" என்று என்னிடம் கேட்டார். "நாடகம் பாக்கிறது நம்ம பொம்பளைங்க. துப்பறியிறவனுக்கு முந்தி அவங்க கண்ணுல படணும். ஆம்பளைங்க பக்கத்துல இருந்து முழிக்கணும்."

மூன்று நாள் நான் வேலை செய்வதை ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபரீதா கேலி செய்தாள். "என்ன தம்பி, சேல கட்டப் பழகுறீங்களா? பொண்ணு கெடைக்காட்டி நீங்களே கட்டிக்கிற யோசனையா?" அவர் சிரித்தார். பிறகு, எதிரில் நின்று கட்டும்போது கொசுவம் எப்படிச் சரியாக வருகிறது என்று என்னிடம் கேட்டார். நான் மாஸ்டரின் இருமலையும் விரலையும் சொன்னேன். "கண்ணாடி இல்ல, மனுசி" என்றதைச் சொன்னதும் முக்காலியை விட்டே எழுந்துவிட்டார். கொப்பியை எடுத்து எதையோ எழுதினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு பழைய பங்களா கிடைத்தது. கொலைக் காட்சிகள் முழுவதும் அங்கேதான். பிணத்தைக் கண்டுபிடிக்கும் காட்சிக்கு முதல் நாள், நேசனைக் கொழும்புக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. கடைசிப் பாகத்தைப் பற்றிப் பேசவேண்டுமாம். ரத்தோட்டைக்கு இறங்கும் வேன் ஹோர்ன் அடிக்கிறது. அவர் ஓடி வந்து, மடித்த துண்டுக் கடதாசி ஒன்றை என் கையில் வைத்தார்.

"அக்கா, இத நீங்க மட்டும் பாருங்க. டைரக்டருக்குத் தெரியும். வேற யாருக்கும் காட்ட வேணாம். ஃபரீதா அக்காவுக்கும்தான். அவங்க மொகத்ததான் நான் பாக்கப் போறேன்."

வாயால் சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பின்னறையில் சேலையை அயன் பண்ணிக்கொண்டே துண்டை விரித்தேன். அவர் அவசரத்தில் எழுதியது, எழுத்தெல்லாம் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'பிணத்தின் சேலையில்' என்று வந்தது. அடுத்து 'கொசுவம்'. அதற்கு அடுத்து 'சரியாக'. பிறகு 'இருக்கக்'. அத்தோடு அந்த வரி முடிந்தது. இந்த ஐந்து சொல்லுக்குள் அயன் பெட்டி ஆறிப்போனது.

அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை. கொசுவம் சரியாக இருக்க வேண்டும். வேறு என்ன இருக்கும்? இத்தனை வருஷம் வேலை செய்தவளுக்கு இதை ஒரு துண்டில் எழுதித் தரவேண்டுமா என்று கோபம் வந்தது. அதுவும் ரகசியமாம். மாஸ்டர் இருந்திருந்தால் இவரைப் பார்த்து ஒரு தரம் இருமியிருப்பார் என்று நினைத்தேன். துண்டை மடித்து என் ஊக்குப் பையில் போட்டேன்.

கடைசியில் புள்ளி வைத்த ஒரு 'க்' இருந்தது. அதைக் கண்டேன். கண்டு, கை தவறி எழுதியிருக்கிறார் என்று எண்ணினேன். 'வேண்டும்' என்ற சொல் வருவதாக இருந்தால் அந்த 'க்' வராதாம். படித்த யாருக்கும் அந்த ஓர் எழுத்திலேயே தெரிந்திருக்குமாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. டைரக்டர் பரபரத்தார். ஃபரீதா அன்று இல்லை. நடிகைக்கு முகத்தில் வெளுப்புப் பூசிவிட்டு, தங்கச்சி மகளின் கலியாண வீட்டுக்கு மாத்தளைக்கு இறங்கிவிட்டாள். நடிகை அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். மாம்பழக் கலர் சேலை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, இடது பக்கம் திருப்பி, உள்ளுக்குள் ஊக்குக் குத்தி நிறுத்தினேன்.

"அக்கா, சாகிறதுக்கு இவ்வளவு ஊக்கா? மூச்சு முட்டுது" என்றாள் நடிகை.

"செத்தவங்களுக்கு மூச்சு எதுக்கு? ஆடாம கெட."

எல்லாரும் சிரித்தார்கள். கெமரா அவள் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி, இடுப்பு, கொசுவம், கால் என்று போனது. இரண்டாம் தடவை எடுப்பதற்கு முன் மறுபடியும் போய்த் திருத்தினேன். மூன்றாம் தடவைக்கும் போனேன்.

"போதும் லூர்து அக்கா. பொணத்துக்கு என்னா அழகு வேண்டிக் கெடக்கு?" என்றார் டைரக்டர்.

"பொணமா இருந்தாலும் என் கையில கட்டினது சார்" என்றேன்.

டைரக்டருக்கு விஷயம் தெரியும். ஆனால் கொசுவத்தில் வலது எது இடது எது என்று பார்க்க அந்த மனிதருக்குத் தெரியாது. அது ஆண்களுக்குத் தெரியாது என்பதுதானே நேசனின் திட்டமே.

பத்து நாளில் முதல் பாகம் டெலிவிஷனில் போனது. கொழும்பில் அவசரமாக வெட்டி ஒட்டினார்கள். நேசன் எங்களோடு மாத்தளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இருந்து கடைசிப் பாகங்களை எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் கூடினோம். சமையல்கார அம்மா, அவர் மகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், ஃபரீதா, நான். நேசன் மட்டும் டெலிவிஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நம் இருவருக்கும்தான் தெரியும் என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே சிரித்தேன்.

பிணம் வந்தது. கெமரா மெதுவாக இறங்கியது. நேசன் ஃபரீதாவைப் பார்த்தார், சமையல்கார அம்மாவைப் பார்த்தார், பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்தார். "ஐயோ பாவம், எளம் வயசு" என்றார் சமையல்கார அம்மா. "சேல நல்ல கலரு" என்றாள் அவர் மகள். அவ்வளவுதான். நேசனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாருக்கும் படவில்லையே என்ற வாட்டம் முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பி அவரும் திரையைப் பார்த்தார்.

எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை டைரக்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். அப்போதுதான் நேசன் எல்லாருக்கும் முன்னால் விஷயத்தைச் சொன்னார். கதையில் துரையின் மனைவிக்கு ஆயா ஒருத்தி இருக்கிறாள். லயத்துப் பெண். பழி அவள் மேல் விழுகிறது. ஆனால் பிணத்தின் கொசுவம் வலது பக்கம் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் செத்த பிறகு யாரோ ஒரு பெண் எதிரில் இருந்து சேலை கட்டிவிட்டிருக்கிறாள். தினமும் துரைசாணிக்குச் சேலை கட்டிவிடும் ஆயாவின் கை அந்தப் பிழையைச் செய்யாது. தனக்கு மட்டும் கட்டிப் பழகிய ஒருத்திதான் செய்வாள். அவள் செத்தவளின் சொந்த அக்கா.

என் பிழை, என் மாஸ்டரின் சொல், என் கை. அதை வைத்துத்தான் இந்த மனிதர் பதின்மூன்று பாகத்தையும் கட்டியிருக்கிறார்.

"படத்த கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பிப் போட முடியாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"திருப்பினா முந்தானையும் வலது தோளுக்குப் போயிரும்" என்றாள் ஃபரீதா.

"போனது போச்சு, ஊரே பாத்தாச்சு" என்று டைரக்டர் கத்தினார். "நேசன், நீ துணிப் பகுதிக்குச் சொன்னியா இல்லியா?"

"லூர்து அக்காக்கிட்ட துண்டு குடுத்தேன் சார்." என் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் இல்லை. ஏதோ காரணம் இருக்கும், அக்கா சொல்லட்டும் என்பது போலத்தான் இருந்தது. "குடுத்தேன் தானேக்கா?"

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். கொடுத்தார் என்று சொன்னால், பின்னே ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். வாசிக்கவில்லை என்று சொன்னால், ஏன் வாசிக்கவில்லை என்று கேட்பார்கள்.

"எந்தத் துண்டு தம்பி? எனக்கு ஒண்ணும் குடுக்கலியே" என்றேன்.

துண்டு என் இடுப்பில், ஊக்குப் பைக்குள் இருந்தது.

நேசன் என்னை வெகுநேரம் பார்த்தார். முதலில் முகம் சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"ஆமா சார்" என்றார். "வேன் அவசரத்துல குடுக்காமப் போயிருப்பேன்."

"போயிருப்பேனா, போனியா?"

"மறந்துட்டேன் சார்."

அன்று சாயங்காலம் ஃபரீதா பவுடர் டப்பாவைத் திறக்கவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டினாள். "குடு." கொடுத்தேன். அடுத்த வரியை வாசித்தாள். "கூடாது. நீங்கள் முதல் நாள் செய்த பிழை போலவே வேண்டும், அக்கா." அந்த 'க்' எழுத்தைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். "போய்ச் சொல்லு லூர்து. இப்பவே போ. நானும் வாறேன்."

நான் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். ஃபரீதா எனக்கு வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. போன வருஷம் அவள் மௌத்தாகிக் கண்ணை மூடும் வரைக்கும் இல்லை.

நாடகத்தின் முடிவை மாற்றினார்கள். தலையணைக்குள் ஒரு கடிதம் கிடைப்பதாக வைத்தார்கள். பேப்பரில் அதைக் கேலி செய்து எழுதினார்கள். மற்ற மூன்று நாவலும் கைவிட்டுப் போனது. நேசனை அதன் பிறகு யாரும் எழுதக் கூப்பிடவில்லை. நான் மட்டும் மேலே மேலே போனேன். பொன்னாடை போர்த்தினார்கள், மேடையில் உட்கார வைத்தார்கள். துணியில் லூர்து அக்காவுக்குப் பிழை வராது என்று மைக்கில் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பிள்ளை "நேசன் துண்டு" என்று சிரித்த அடுத்த வாரம் கலேவெலைக்கு பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பின்னேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கக்கா. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க."

நான் உட்காரவில்லை. துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

"தெரியும்கா."

"எப்பருந்து?"

"நீங்க 'எந்தத் துண்டு'ன்னு கேட்டப்பருந்து. மொதல்ல கோவந்தான் வந்திச்சு. அப்புறம் ஒங்க மொகத்த பாத்தேன். எங்கம்மாவும் ஆஸ்பத்திரியில எழுதி நிரப்புற பாரத்த கையில குடுத்தா இப்பிடித்தான் நிப்பாங்க. நிமிந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி. அவங்கள மாதிரி நின்ன ஒங்கள எல்லாருக்கும் முன்னால நான் எப்பிடிக் காட்டிக் குடுப்பேன்?"

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

"ஒங்க பேரச் சொல்லிச் சிரிக்கிறாங்க தம்பி."

"கேள்விப்பட்டேன்."

"மலருக்கு எழுதச் சொல்லியிருக்காங்க. இதத்தான் எழுதப் போறேன்."

"ஒங்க இஷ்டம்கா." கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாடகம் போனதுகூட எனக்குப் பெருசா இல்ல. ஒண்ணுதான். அந்தக் கொசுவத் துப்பு வேல செஞ்சிருக்குமா இல்லியான்னே எனக்குத் தெரியாமப் போச்சு."

அலுமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அவர் முதலில் எழுதிய கடைசிக் காட்சி. எனக்குக் காட்டவில்லை, உரக்க வாசித்தார். ஆயா அழாமல் நிற்கிறாள். துப்பறிபவர் அந்த அக்காவைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஒரு சேலை கட்டிவிடுங்கள் என்கிறார். அவள் கட்டுகிறாள். கட்டி முடித்துக் கையை எடுக்கிறாள். ஒருவரும் பேசவில்லை. ஆயா குனிந்து தன் கொசுவத்தைப் பார்க்கிறாள். அதோடு காட்சி முடிகிறது. இந்தக் காட்சியை அதுவரை நான் கேட்டதே இல்லை.

நேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்கக்கா. எனக்காகச் சொல்ல வேணாம். நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க பிழையாக் கட்டியிருந்தா, பொம்பளைங்க யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

துணி விஷயத்தில் நான் ஒருவருக்கும் முகஸ்துதி சொன்னதில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"கண்டுபிடிச்சிருப்பாங்க தம்பி. கெமரா காலுக்குப் போறதுக்குள்ள ஃபரீதா கத்தியிருப்பா. 'அடியே லூர்து, என்னாடி இப்பிடிக் கட்டி வச்சிருக்க, மானம் போகுது'ன்னு என்னையதான் ஏசியிருப்பா. சமையல்கார அம்மாவும் பாத்திருப்பாங்க. எந்த லயத்துலயும் பாத்திருப்பாங்க. விடிய முந்தி தண்ணி புடிக்கிற பீலிக்கரை பூரா அதுதான் பேச்சா இருந்திருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே ஃபைலை மூடினார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று உள்ளே போனார்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேத்தல் கொதித்து மூடி தட்டத் தொடங்கியது. தட்டிக்கொண்டே இருந்தது. அதை இறக்கி வைக்கும் சத்தம் மட்டும் வரவில்லை. அவர் அழும் முகத்தை நான் பார்க்க வேண்டாம் என்று எழுந்து போகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.